நடுங்கிய கடிகாரங்கள்

கடிகாரத்தில் எண்கள் நடுங்கியதும், அதன் பாகங்களைப் பூட்டியவரின் கையைச் சந்தேகிக்க எனக்கு ஏன் அவ்வளவு சீக்கிரம் மனம் வந்தது? இன்றுவரை பதில் தெரியவில்லை.

என் மகளுக்கு அப்போது ஏழு மாதம். செம்பூரில் எங்கள் கட்டடத்துக்கு அடுத்த தெருவில், உதிரிபாகங்களைச் சேர்த்து, எண்கள் காட்டும் கைக்கடிகாரங்களைப் பூட்டும் சின்னப் பட்டறை ஒன்று இருந்தது. முடிந்த கடிகாரங்களைச் சரிபார்ப்பது என் வேலை. மாட்டுங்காவிலிருந்து வரும் முதலாளி, குழந்தையைக் கூடவே கொண்டுவரச் சம்மதித்திருந்தார். என் மேஜை ஜன்னலோரம் இருந்தது. வெயில் ஏறியதும், காற்று வரும் அந்த இடத்தில் புடவைத் தூளியைக் கட்டிவிட்டு, மேஜையை உள்ளே டியூப் லைட்டுக்கு அடியில் இழுத்துப் போட்டுக்கொண்டேன். யாரையும் கேட்கவில்லை.

குழந்தை அழுதால் முதலில் எழுந்து ஆட்டுவது, தாராவியிலிருந்து பஸ்ஸில் வரும் ஓர் அக்கா. திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். கண்ணாடித் திரைக்கும் அதன் அடியிலுள்ள சர்க்யூட்டுக்கும் நடுவே மெல்லிய ரப்பர் பட்டையை வைத்து அழுத்துவது அவர் ஒருவரின் வேலை. அதன் வழியாகத்தான் எண்களுக்கு மின்சாரம் போகும். பட்டையில் பிசுக்குப் பட்டால் எண் மங்கும், நடுங்கும்.

மேஜையை மாற்றிய அன்றே ஒரு தட்டிலிருந்த கடிகாரங்கள் எல்லாவற்றிலும் எண்கள் நடுங்கின. “பட்டையில் கோளாறு” என்று சீட்டு எழுதி முதலாளியிடம் கொடுத்தேன்.

“தலையில வழியற எண்ணெயைப் பார்த்தாலே தெரியறதே” என்றார் அவர், அக்காவைப் பார்த்து. “ரப்பர் பட்டையில பஜ்ஜி போடறியா?”

மற்ற பெண்கள் சிரித்தார்கள்.

“சோப்புப் போட்டுல்லா கழுவிட்டு உக்காந்தேன் ஐயா” என்ற அக்கா என் பக்கம் திரும்பினார். “நீ படிச்ச புள்ள, நீயே சொல்லு. என் கைதானா?”

“ஏதோ பட்டிருக்குக்கா” என்றேன்.

“நாளைலேர்ந்து வர வேண்டாம்” என்றார் முதலாளி.

அக்கா போன மூன்றாம் நாள், பட்டை வைக்கப் புது ஆள் வந்த அன்று, பகலில் கரண்ட் போனது. இன்னொரு முறை பார்க்கலாம் என்று, ஒதுக்கிய தட்டை ஜன்னல் வெளிச்சத்துக்கு எடுத்துப் போனேன். ஒரு கடிகாரம்கூட நடுங்கவில்லை. கரண்ட் வந்ததும் டியூப் லைட்டுக்கு அடியில் வைத்தேன். எல்லாம் நடுங்கின.

நான் பௌதிகம் படித்தவள். பேட்டரி நெடுநாள் உழைப்பதற்காக அந்த எண்களுக்கு மின்சாரத்தை மெதுவாகவே திசை மாற்றி மாற்றிக் கொடுப்பார்கள். அதனால் கண்ணுக்குத் தெரியாத சிறு அசைவு அதில் எப்போதும் உண்டு. டியூப் லைட்டும் நாம் அறியாத வேகத்தில் மின்னி மங்குகிறது. இரண்டும் சேரும்போது நடுக்கம் கண்ணுக்குத் தெரிகிறது. இது எனக்கு அன்றே தோன்றியிருக்க வேண்டும்.

முதலாளியிடம் சொன்னால், மேஜையை ஏன் நகர்த்தினாய் என்பார். பிறகு குழந்தையைக் கொண்டுவராதே என்பார். அதனால் சத்தமில்லாமல் மேஜையை ஜன்னலுக்குத் தள்ளினேன். தூளியைப் புழுக்கத்துக்கு மாற்றினேன். ஒதுக்கிய தட்டைப் புதுச் சரக்கோடு சேர்த்துச் சரி என்று எழுதிவிட்டேன்.

“ஆளை மாத்தினேன், பார்த்தியோ? ஒண்ணுகூட ஆடலை!” என்றார் முதலாளி.

நான் தலையாட்டினேன்.

இப்போது மகள் எல்.கே.ஜி. படிக்கிறாள்; நான் அந்த வேலையை விட்டுவிட்டேன். போன மாதம் மாட்டுங்கா மார்க்கெட்டில் அக்காவைப் பார்த்தேன். “ஏ புள்ள, தூளியில கெடந்தவளா இவ!” என்று மகளின் கன்னத்தைக் கிள்ளினார். என்ன வேலை செய்கிறார் என்று கேட்டேன்.

“தோல் பட்டறையில கழிவு பொறுக்குதேன். தையல் மிஷின்ல உக்காரச் சொன்னாவ. நாந்தான் மாட்டேன்னுட்டேன். நம்ம கைதான் வெளங்காத கைன்னு ஆயிப்போச்சே. நல்ல சாமானக் கெடுத்துப்புட்டா?”

பஸ் வந்துவிட்டது என்று சொல்லிக் கிளம்பினேன். பஸ் எதுவும் வரவில்லை.

அவர் வேலை செய்யும் தோல் பட்டறைச் சந்து எனக்குத் தெரியும். இரண்டு முறை தாராவி வரை போய்த் திரும்பிவிட்டேன். முதலில் அவரிடம் சொல்வதா, கடிகாரப் பட்டறை முதலாளியிடம் சொல்லிவிட்டுப் பிறகு அவரிடம் போவதா? இத்தனை வருஷம் கழித்துச் சொன்னால் அக்காவுக்குத் தன் கைமேல் நம்பிக்கை திரும்புமா, அல்லது என் மனபாரம் மட்டும்தான் குறையுமா? இதைப் படிப்பவர்களில் பிழையை ஒப்புக்கொண்டவர்களோ, இப்படிப் பழி சுமந்தவர்களோ இருந்தால், நான் எப்படிப் பேச்சைத் தொடங்க வேண்டும் என்று தயவுசெய்து எழுதுங்கள்.