மணி அடித்த பிறகு

வெர்லா எதையும் வேண்டாமென்று திருப்பிக் கொடுத்தவள் இல்லை. உணவகத்தில் கேட்டது ஒன்று, வந்தது ஒன்று என்றாலும் வந்ததைச் சாப்பிட்டுவிட்டு, நன்றாயிருந்தது என்று சொல்லிவிட்டு வருவாள். கடைப்பெண் அன்பாகப் பேசிவிட்டாள் என்பதற்காக, காலைக் கடிக்கும் பூட்ஸைப் போட்டுக்கொண்டு ஒரு குளிர்காலம் முழுவதும் பனியில் நடந்தவள். நெப்ராஸ்காவில் அவளுடைய ஊரில் இதை யாரும் குறையாக நினைப்பதில்லை. பாதி ஊர் அப்படித்தான்.

காரின் பின்னால் பூட்டி இழுத்துப் போகும் டிரெய்லர் வீட்டை எடுக்கப் போன அன்றும் அப்படித்தான் ஆயிற்று. வண்டியை உள்ளும் புறமும் பார்த்துச் சரியென்றால் கையெழுத்துப் போடவேண்டும். பிறகு கடைவாசலில் தொங்கும் பித்தளை மணியை அடிக்கவேண்டும். எல்லோரும் கை தட்டுவார்கள், படமெடுத்துச் சுவரில் மாட்டுவார்கள். ஆனால் விற்பனையாளன் ட்ராவிஸ் வரிசையை மாற்றினான்.

"படம் எடுக்குற பொண்ணு சாப்பிடக் கிளம்புறா, மிஸ் வெர்லா. மணிய மொதல்ல அடிச்சிடலாமே? மத்தத நிதானமாப் பாத்துக்கலாம்."

பள்ளிக்கூடச் சாப்பாட்டு அறையில் வெர்லாவின் கையால் பீன்ஸ் குழம்பும் பட்டை மணக்கும் இனிப்பு ரொட்டியும் வாங்கித் தின்று வளர்ந்தவன் அவன். அவனிடம் முடியாதென்று எப்படிச் சொல்வது? அவளுடைய கணவர் ஆர்லின் கயிற்றை இழுத்தார். முன்பின் தெரியாதவர்களெல்லாம் கை தட்டினார்கள். இருவரும் படத்துக்குச் சிரித்தார்கள்.

அதன் பிறகுதான் உள்ளே ஏறினார்கள். போன வருடத்து வண்டி, யாரும் குடியிருக்காதது. விளக்கு எரிந்தது, குழாயில் தண்ணீர் வந்தது, அடுப்பு ஒரே முறையில் பற்றியது. ஆர்லின் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டிக்கொண்டே வந்தார். வெர்லாவுக்கு ஒன்று மட்டும் உறுத்தியது. அவ்வளவு சிறிய படுக்கையறையில் வெனிலா மணக்கும் வாசனை அட்டைகள் எதற்கு இத்தனை?

ஆர்லினுக்கு மணம் தெரிந்து வெகுகாலமாகிறது. பூஞ்சை பிடித்த வைக்கோலை மாடுகளுக்குப் பிரித்துப் போட்டே அவருடைய மூக்கும் நுரையீரலும் கெட்டுப்போயிருந்தன. ஈரம் ஏறிய வீட்டில் இன்னொரு குளிர்காலம் இருந்தால் தாங்கமாட்டார் என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அவர்களுடைய பண்ணைவீட்டின் நிலவறையில் ஈரம் காய்ந்ததே இல்லை. அதனால்தான் இந்த வண்டி. இதை இழுத்துக்கொண்டு அரிசோனா பாலைவனத்துக்குப் போய்விடவேண்டும், வசந்தம் வரும்வரை அங்கேயே இருந்துவிடவேண்டும்.

வெர்லா வாசனை அட்டைகளைக் கழற்றி வெளியே வைத்தாள். கதவைச் சாத்திக்கொண்டு கட்டில் பலகையைத் தூக்கி, அடியிலிருந்த பெட்டிக்குள் தலையை விட்டாள். அந்த நாற்றம் அவளுக்குப் பழக்கமானது. வீட்டு நிலவறைக்குள் இறங்கும்போதெல்லாம் முகத்தில் அறைவது அதுதான். மூலையில் கட்டைவிரலால் அழுத்தினாள். பலகை ஊறிய ரொட்டிபோல் உள்வாங்கியது.

வெளியே வந்தபோது, கையெழுத்துக்கு முன்பே, அவர்களுடைய பிக்கப் டிரக்கின் பின்னால் வண்டியைப் பூட்டியாகிவிட்டது.

"ட்ராவிஸ், ஒரு சின்ன விஷயம், கண்ணு. தப்பா நெனச்சுக்காத. பின்பக்க மூலையில வெளியில இருந்து கொஞ்சம் தண்ணி பீய்ச்சிப் பாக்கலாமா?"

"ரொம்ப நாள் மூடியே இருந்த வண்டி, மிஸ் வெர்லா. ஜன்னலத் தொறந்து வச்சா அந்த வாடை போயிடும்."

"வாடையப் பத்தி நான் ஒண்ணுமே சொல்லலியே."

ட்ராவிஸ் தண்ணீர்க் குழாயைத் தேடிக்கொண்டு போனான். ஆர்லின் கழுத்துவரை சிவந்திருந்தார்.

"மணி அடிச்சாச்சு, வெர்லா. அத்தன பேரு கை தட்டினாங்க."

"கை தட்டினா ஓட்ட அடைஞ்சிருமா?"

"பையன் மனசு கஷ்டப்படும்."

"நீ குழாயப் பிடி. நான் உள்ள போறேன்."

கையில் டார்ச்சுடன் கட்டிலடியில் முட்டி போட்டாள். சுவருக்கு அந்தப் பக்கம் தண்ணீர் இரைந்தது.

"ஏதாவது வருதா?" என்று ஆர்லின் வெளியிலிருந்து கேட்டார்.

"இல்ல."

"நான்தான் சொன்னேனே!"

வரக்கூடாது என்றுதான் அவளும் வேண்டிக்கொண்டிருந்தாள். முட்டி வலித்தது. எழுந்துவிடலாம் என்று நினைத்தபோது சுவர் சேரும் இடுக்கு ஓரமாக ஒரு துளி திரண்டு இறங்கியது. பின்னாலேயே இன்னொன்று. பாலைவனத்தில்தான் மழையே இல்லையே, காய்ந்துவிடாதா? இல்லையென்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், எல்லோரும் சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போகலாம்.

வெளியே ஆர்லின் இருமத் தொடங்கினார். அந்த இருமல் எளிதில் நிற்காது.

"வருது," என்றாள்.

ஆர்லின் வந்து குனிந்து பார்த்தார். ஈரத்தைத் தொட்டு, கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டார். ட்ராவிஸ் வாசற்படியிலேயே நின்றான்.

"இது ஒரு வேலையே இல்ல சார். பசை வச்சு இப்பவே அடைச்சித் தந்துடறோம்."

ஆர்லின் சரியென்று தலையாட்டப் போவதை வெர்லா பார்த்தாள்.

"ஓட்டைய அடைப்ப. உள்ள வளந்து கெடக்கறத என்ன பண்ணுவ?"

ட்ராவிஸ் தன் காலணியைப் பார்த்தான்.

"எங்களுக்கு வேண்டாம், கண்ணு. மன்னிச்சுக்கோ." குரலை உயர்த்தவே இல்லை. ஆனாலும் கூரைமேல் ஏறி நின்று கத்தியதுபோல் அவளுக்குக் காதெல்லாம் சுட்டது.

"தொந்தரவு குடுத்துட்டோம்பா," என்று ஆர்லினும் சேர்ந்துகொண்டார். இருவருமாக வண்டியைப் பிக்கப்பிலிருந்து கழற்றினார்கள். சுவரில் மாட்டிய படத்தை எடுத்துவிடச் சொல்ல இருவருக்கும் வாய் வரவில்லை.

அவர்கள் கிளம்பும்போது வேறொரு தம்பதி மணியை அடித்தார்கள். வெர்லாவும் ஆர்லினும் நின்று, எல்லோரோடும் சேர்ந்து கை தட்டினார்கள்.

வானம் வெளுத்து, பனி கொட்டப் போவதுபோல் இருந்தது.

"இப்ப என்ன பண்றது?" என்றார் ஆர்லின்.

"தெரியல."

டிரெய்லர் இழுத்துத் திரும்புவதற்கு ஒரு வாரமாக அவர் பழகிக்கொண்டிருந்தார். கடைவாசலில் அகலமாக விலகிப் போய், பக்கக் கண்ணாடியில் பின்புறத்தைப் பார்த்துக்கொண்டே, மெல்ல வளைத்துத் திருப்பினார். பின்னால் ஒன்றும் இல்லை. வெர்லா அதைச் சொல்லவில்லை.