கேப்டன் சபரிநாதனின் அண்ணன்

மோகனூர் சாலையில் கோழித்தீவனக் கடை வைத்திருக்கும் சபரிநாதன், ஐந்து வருடம் ராணுவத்தில் இருந்து கேப்டனாக விலகி வந்தவர். தராசின் முன்னால்கூட விறைப்பாகத்தான் நிற்பார். அதற்கும் முன்னால், கடல் தாண்டிய ஒரு பனி நாட்டின் ராணுவக் கல்லூரியில் நான்கு வருடம் படித்தவர். தவிடு வாங்க வருகிறவர்கள் அந்தப் பனியையும் சேர்த்துத்தான் வாங்கிப் போக வேண்டும்.

அங்கே வெளிநாட்டு மாணவர்களை இரண்டிரண்டு பேராக ஓர் அறையில் போட்டார்கள். சபரிக்கு வாய்த்தவன் பர்ஹாத். ஒரு மலை நாட்டுக்காரன். நாட்டின் பெயர் வேண்டாம், ஆட்சிக்கு ஆட்சி அதையே மாற்றுகிறார்கள். இரண்டு வயது மூத்தவன் என்பதால் சபரி அவனை அண்ணா என்றார். 'தம்பி' என்று சொல்ல அவனுக்குக் கற்றுக்கொடுத்தார். இருவருக்குமே அந்த ஊர்ச் சாப்பாடு பிடிக்கவில்லை. உலகச் சகோதரத்துவம் பெரும்பாலும் இப்படித்தான் தொடங்குகிறது.

கடைசித் தேர்வு, பனியில் முப்பது கிலோமீட்டர் நடை. முடிக்காதவனுக்குப் பட்டம் கிடையாது. இருபத்தாறாவது கிலோமீட்டரில் சபரிக்குக் கணுக்கால் பிசகியது. முதல் ஆளாகப் போய்க்கொண்டிருந்த பர்ஹாத் திரும்பி வந்து, தம்பியை முதுகில் ஏற்றிக்கொண்டு நடந்தான். தூக்கிக்கொண்டு வரக் கூடாது என்று விதி எழுத அந்த நாட்டில் யாருக்கும் தோன்றியிருக்கவில்லை. இருவரும் கடைசியாக வந்தார்கள். தங்கப் பதக்கம் வேறு ஒருவன் கழுத்துக்குப் போனது.

சபரியின் கல்யாணத்துக்கு பர்ஹாத் வந்திருந்தான். வேட்டியின் மேல் பெல்ட் கட்டிக்கொண்டு பந்தியில் பரிமாறினான். சபரியின் அப்பா சின்னண்ணன் வந்தவர்களிடமெல்லாம், "எம்பட பெரிய பையனுங்க" என்றார்.

பிறகு மலை நாடு கைமாறியது. பழைய ராணுவத்தாரை வீடு வீடாகத் தேடினார்கள். பர்ஹாத் மனைவியோடும் ஆறு வயது மகளோடும் ஒளிந்துகொண்டு, விசாவுக்காக ஓர் அழைப்புக் கடிதம் கேட்டான். அதில் உறவு என்று ஒரு கட்டம். சபரி தயங்காமல் 'அண்ணன்' என்று எழுதினார். சின்னண்ணன் அதைப் பார்த்துவிட்டார்.

"கையெழுத்தும் போட்டு சீலும் குத்துவியா சாமி?"

"ஆமாங்கப்பா."

"அப்ப அவன் நமக்குப் பங்காளியாயிருவானே! நாலு ஏக்கரா கரும்புக்காடு எம்பேர்லயே கெடக்குது. நாளைக்கு வந்து பாதியக் கேட்டான்னா?"

"கண்ணாலத்துல நீங்கதானுங்களே பெரிய பையன்னு சொன்னீங்க?"

"அது வாயில சொன்னது. இது எழுத்துல."

கேப்டன் சத்தமாகச் சிரித்தார். சிரித்த கையோடு பத்திரம் எழுதும் அர்த்தநாரியிடம் போய், சும்மா ஒரு வார்த்தை கேட்டார்.

"சட்டப்படி ஒண்ணும் ஆவாதுங்க. ஆனா எதுக்குங்க வம்பு? யாவாரப் பழக்கம்னு போட்டுருங்க."

கட்டத்தில் 'கோழித்தீவன வியாபாரத் தொடர்பு' ஏறியது. மனைவி மஞ்சுளா, "ஏனுங்க, அவருக்குக் கோழியப் பத்தி என்னங்க தெரியும்?" என்றாள்.

"அதையெல்லாம் எவன் கேக்கப்போறான்?"

தூதரகத்தில் கேட்டார்கள். எத்தனை கோழி, என்ன தீவனம், நாமக்கல்லில் இன்று முட்டை என்ன விலை? பர்ஹாத், "அவன் என் தம்பி" என்றான். கடிதத்தில் அப்படி இல்லையே என்று விண்ணப்பத்தைத் திருப்பிவிட்டார்கள். அன்றைக்கே குரல் செய்தி அனுப்பினான்: "தம்பி, கடிதத்தில் யாரோ தவறாக எழுதிவிட்டார்கள். அண்ணன் என்று திருத்தி அனுப்பு. சீக்கிரம்."

யாரோ! கேப்டன் அதை மூன்று முறை கேட்டார். பிறகு அப்பாவிடம் போனார்.

"காட்ட மொதல்ல எம்பேருக்கு எழுதிருங்கப்பா. அப்புறம் அண்ணன்னு போட்டுக்கறேன்."

பத்திரம் பதிவாக இருபத்து மூன்று நாள் ஆயிற்று. இருபத்து மூன்றாம் நாள் சாயங்காலம், 'அண்ணன்' என்று கொட்டை எழுத்தில் எழுதி, இரண்டு இடத்தில் சீல் குத்தி, படம் எடுத்து அனுப்பினார். செல்போனில் ஒற்றை டிக் விழுந்தது. அது இன்றுவரை இரண்டாகவில்லை.

கடையில் பனி மட்டும் குறையவில்லை. கதைதான் கொஞ்சம் திரும்பியிருக்கிறது. போன வாரம் பண்ணைக்காரர் காளியண்ணன் குறுக்கே கேட்டார்: "ஏனுங்க கேப்டன், முன்னெல்லாம் அந்தாளுதானுங்களே உங்களத் தூக்கிட்டு நடந்தாப்ல?"

"நீங்க மாத்திக் கேட்டிருப்பீங்க. நாந்தானுங்க அவரத் தூக்குனேன்."

"அப்படீங்களா? இப்ப எங்கீங்க இருக்காப்ல?"

கேப்டன், கடையாள் இருக்கும்போதே, ஐம்பது கிலோ மூட்டை ஒன்றைத் தானே முதுகில் ஏற்றிக்கொண்டு காளியண்ணனின் வண்டியை நோக்கி நடந்தார். வண்டி வாசலிலேயேதான் நின்றிருந்தது. அவர் அதைத் தாண்டியும் கொஞ்ச தூரம் போனார்.