எல்லார் வாயும் பட்ட பாத்திரம்

போன ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிக்கக் கூடாத நேரம். திருவிருந்து பரிமாறிக்கொண்டிருந்தார்கள். இருமல் மருந்து பாட்டிலின் மூடி அளவில் ஒரு பிளாஸ்டிக் கிண்ணம், அதில் அரை வாய்க்குத் திராட்சை ரசம். தட்டில் வரிசையாக அடுக்கிக் கொண்டுவந்து ஆளுக்கொன்று கொடுக்கிறார்கள். முப்பத்தைந்து வருடம் அரசு ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவளிடம் பிளாஸ்டிக் கிண்ணத்தை நீட்டினால் அவளுக்கு என்ன ஞாபகம் வரும்? சளிப் பரிசோதனைக்குக் கொடுக்கிற டப்பாதான் வரும். கர்த்தர் மன்னிக்கட்டும், எனக்கு அதுதான் வந்தது.

ரசத்தை வாயில் விட்டேன். கடையில் வாங்கிய சர்பத் மாதிரி இனித்தது. கிராம்பு வாசனை இல்லை. அந்தக் காலத்தில் ஐயரம்மா காய்ந்த திராட்சையை ஊறவைத்துக் காய்ச்சி, நாலு கிராம்பு தட்டிப் போட்டுப் பீங்கான் ஜாடியில் வேடு கட்டி வைப்பார். மாதத்தின் முதல் ஞாயிறு நீங்கள் சர்ச் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அந்த வாசனை வந்துவிடும். எனக்குத் திருவிருந்து என்றால் முதலில் மூக்குதான் முழங்கால் போடும்.

ஐயரம்மா என்றதும் குழம்பாதீர்கள். எங்கள் பக்கம் சபைப் போதகரை ஐயர் என்போம், அவர் மனைவி ஐயரம்மா. நான் ஆற்காட்டுக்காரி. இருபத்து மூன்று வயதில் வேலை கிடைத்து, ஊர் சபையில் கொடுத்த கடிதத்தைக் கைப்பையில் வைத்துக்கொண்டு திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்டில் இறங்கினேன். ஆட்டோக்காரரிடம் "ஐயர் வீட்டுக்குப் போவணும்" என்றேன். அவர் எதுவும் கேட்கவில்லை. பெரிய கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில், வாசலில் பெரிய கோலம் போட்ட வீட்டின் முன் இறக்கிவிட்டார். நெற்றி நிறைய விபூதியோடு ஒருவர் வெளியே வந்தார். நான் கடிதத்தை எடுத்து நீட்டவும் செய்தேன். அவர் மேலே அச்சடித்திருந்த சிலுவையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு ஆட்டோக்காரரைக் கூப்பிட்டு, "இவங்க தேடுறது சர்ச் ஐயரப்பா, கொண்டுபோய் விடு" என்றார். என்னிடம், "எனக்குப் பழக்கம்தாம்மா. அங்கேர்ந்தும் ரெண்டு பேர் இங்க வருவாங்க, இங்கேர்ந்தும் ரெண்டு பேர் அங்க போவாங்க" என்று சொல்லி, குடிக்கத் தண்ணீர் கொடுத்தார். அண்ணாந்து குடித்தேன்.

அண்ணாந்து குடிப்பதைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டிலும் அப்படித்தான் வளர்த்தார்கள். டம்ளரில் வாய் வைத்தால் அம்மா முறைப்பார். கிறிஸ்தவர்கள் என்பதால் எச்சில் விஷயத்தில் நாங்கள் ஒன்றும் கம்மி இல்லை. பௌர்ணமிக்கு மலை சுற்ற வருகிறவர்களுக்காக இந்த சர்ச் வாசலிலும் இரண்டு பானையும் ஒரு டம்ளரும் வைத்திருந்தார்கள். ஆயிரம் பேர் வந்தாலும் அந்த ஒரு டம்ளர் போதும், ஏனென்றால் ஒருவர் உதடும் அதில் படாது. ஊர் முழுக்க இப்படி ஒரு டம்ளரை இரண்டு விரற்கடை தூரத்தில் பிடித்துக் குடித்துக்கொண்டிருக்க, உள்ளே பீடத்துக்கு முன்னால் மட்டும் ஒரே வெள்ளிப் பாத்திரத்தில் இருநூறு பேர் வாய் வைத்துக் குடித்தோம். வாத்தியார், நர்ஸ், கீழ்பென்னாத்தூர் பக்கத்திலிருந்து வரும் விவசாயக் கூலிகள், தாலுகா ஆபீஸ் ஹெட் கிளார்க், எல்லாரும். அது ஆண்டவருடைய இரத்தம், அது நமக்காகச் சிந்தப்பட்டது, அதில் பங்குள்ளவர்கள் எல்லாரும் ஒரே உடம்பு என்பது எங்கள் விசுவாசம். சின்ன வயதிலிருந்து மனப்பாடமாகச் சொல்லி வந்ததுதான். ஒரே உடம்பு என்றால் எச்சில் ஏது என்று எனக்குத் தோன்றியதேயில்லை.

இன்னொரு வழக்கமும் இருந்தது. திருவிருந்துக்கு முந்தின சனிக்கிழமை சாயங்காலம் ஐயர் வீட்டுக்குப் போய்ப் பேர் கொடுக்க வேண்டும். அவர் ஒரு நீள நோட்டில் எழுதிக்கொண்டே, "யார்கூடயாவது பேசாம இருக்கியா?" என்று கேட்பார். இருந்தால், போய்ப் பேசிவிட்டு வரச் சொல்வார். மனஸ்தாபத்தோடு பந்திக்கு வரக் கூடாது. அதனால் சனிக்கிழமை சாயங்காலங்களில் எங்கள் சபையில் நாத்தனார்களும் ஓரகத்திகளும் சமாதானமாவார்கள். திங்கட்கிழமை மறுபடி ஆரம்பிக்கும். ஆனால் ஒருவர் பேர் கொடுக்காமல் இருந்துவிட்டால் போச்சு. யாரோடு சண்டை, என்ன பாவம் என்று தண்ணீர்க் குழாயடியில் ஆராய்ச்சி நடக்கும்.

சாலமோன் அண்ணன் அந்த ஆராய்ச்சியில் மாட்டிக்கொள்வார் என்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். கீழ்பென்னாத்தூருக்கும் திருவண்ணாமலைக்கும் நடுவில் ஷேர் வேன் ஓட்டியவர். ஞாயிறு காலையில் வேன் நிறைய ஜனத்தை ஏற்றிக்கொண்டு வருவார். பாட்டு எடுத்துக் கொடுப்பதும் அவர்தான். ஆர்மோனியம் ஒரு கட்டையில் இருக்கும், அவர் ஒரு கட்டையில் இருப்பார், கடைசியில் ஆர்மோனியம்தான் இறங்கி வரும். அவர் குரல் மேலே போகும்போது ஜன்னல் வழியே தெரிகிற மலையே சற்று நகர்ந்து உட்காருமோ என்றிருக்கும்.

நான் சேர்ந்து ஆறேழு மாதம் இருக்கும். ஒரு வியாழக்கிழமை லேபில் சளி ஸ்லைடு பார்த்துக்கொண்டிருந்தேன். நீலத் தரையில் சின்னச் சின்னச் சிவப்புக் குச்சிகள். டி.பி. கிருமி அப்படித்தான் தெரியும். பார்த்த இடமெல்லாம் கொட்டிக் கிடந்தன. பேரைப் பதிவதற்காகச் சீட்டைத் திருப்பினால், சாலமோன், வயது நாற்பத்தாறு. நிமிர்ந்து பார்த்தேன். ஜன்னலுக்கு வெளியே துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்.

"பாப்பா, நீ இங்கயா வேல செய்ற?" என்றார். பிறகு குரலை இறக்கி, "வெளிய சொல்லிடாதம்மா. பொண்ணுக்கு நிச்சயம் பண்ணிகிறோம். ஓலை வாசிக்கப் போறாங்க" என்றார்.

ஓலை என்பது கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு மணமக்கள் பேரைச் சபையில் வாசிப்பது. ஆட்சேபணை இருந்தால் சொல்லலாம். அப்பனுக்கு டி.பி. என்று தெரிந்தால் சபையில் யாரும் எழுந்து ஆட்சேபிக்க மாட்டார்கள். மாப்பிள்ளை வீட்டார் சத்தமில்லாமல் கழன்றுகொள்வார்கள். "சொல்ல மாட்டேண்ணா" என்றேன். சொல்லவும் இல்லை. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

அந்தப் பெருமை ஞாயிற்றுக்கிழமை வரைக்கும்தான். முதல் ஞாயிறு. பீடத்தின் முன் மரக் கிராதியை ஒட்டிப் பத்துப் பன்னிரண்டு பேராக முழங்காலில் நிற்போம்; அது ஒரு பந்தி. ஐயர் இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கமாகப் பாத்திரத்தைக் கொண்டுவருவார். நான் முழங்கால் போட்டுவிட்டுப் பார்த்தால் எனக்கு இடப்பக்கம் சாலமோன் அண்ணன். அவர் குடித்ததும் நான் குடிக்க வேண்டும்.

அந்த வியாதி தட்டிலும் டம்ளரிலும் ஒட்டுவதில்லை, காற்றில்தான் பரவும். இதை நோயாளிகளின் வீட்டாருக்கு நாள் தவறாமல் எடுத்துச் சொன்னவள் நான். ஆனால் கண்ணை மூடினால் சிவப்புக் குச்சிகள்தான் தெரிந்தன. எழுந்தேன். எதையோ மறந்தவள்போலக் கைப்பையைத் தடவிக்கொண்டு அவருக்குப் பின்னால் சுற்றிப் போய், வரிசையின் இடக்கோடியில் முழங்கால் போட்டேன். அவர் தலையைத் திருப்பிப் பார்த்தார். ஒரு கணம்தான். பாத்திரம் அவரிடம் வந்தபோது அவர் குடிக்கவில்லை. விளிம்பை நெற்றியில் தொட்டுக்கொண்டு விட்டுவிட்டார்.

அந்த வெட்கத்தை இன்றைக்கும் என்னால் சரியாகச் சொல்ல முடியவில்லை. வாய் திறக்காமலே அவருடைய ரகசியத்தை நான் அவர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டேன்.

அடுத்த மாதம் அவர் பேர் கொடுக்கவில்லை. வாசல் ஓரமாகத் துண்டும் கையுமாக உட்கார்ந்தார், பாடவுமில்லை. "தொண்ட கட்டிக்கிச்சி" என்றாராம். குழாயடி நம்பவில்லை. "பொண்ணு கல்யாணத்த வெச்சிக்கினு பந்திக்கு வரலன்னா இன்னா அர்த்தம்? குடிக்க ஆரம்பிச்சிட்டாரோ இன்னாவோ" என்றாள் ஒருத்தி. சம்பந்தி வீட்டுக்கு இந்தப் பேச்சு போய்ச் சேர எத்தனை நாள் ஆகும்? பந்திக்கு வந்தால் பிறருக்குக் கெடுதல் என்று அவர் பயந்தார்; வராவிட்டால் மகள் கல்யாணம் நிற்கும். அவரை அந்த மூலையில் கொண்டுபோய் நிறுத்தியது, நான் எழுந்து நடந்த அந்த நாலடி.

மூன்றாம் மாதச் சனிக்கிழமை நான் பேர் கொடுக்கப் போனேன். அந்த வாரம் அவருடைய இரண்டாம் மாத ஸ்லைடையும் பார்த்திருந்தேன். குச்சிகள் ரொம்பக் குறைந்திருந்தன, ஆனால் இருந்தன. ஐயர் நோட்டைத் திறந்து வழக்கமான கேள்வியைக் கேட்டார்.

"யார்கூடயாவது பேசாம இருக்கியாம்மா?"

"இல்லீங்கய்யா. பாத்திரத்தப் பாத்தாதான் பயமா இருக்கு. எங்க வேல அப்படி."

கோபிப்பார் என்று நினைத்தேன். அவர் பேனாவை மூடிவைத்துவிட்டுச் சிரித்தார். "எனக்கு மட்டும் பயமில்லையா? இருநூறு பேர் வாய் வெச்சதுல மிச்சத்த மாசாமாசம் யார் குடிக்கிறது? கீழ ஊத்தக் கூடாது. நான்தான் குடிச்சாவணும்."

இத்தனை வருடம் சர்ச்சுக்குப் போகிறேன், அதை நான் யோசித்ததேயில்லை. கடைசி ஆள் குடித்த பிறகு ஐயர் பீடத்தின் பக்கம் திரும்பி நிற்பார். ஜெபம் பண்ணுகிறார் என்றே நினைத்திருந்தேன்.

"எப்படீங்கய்யா குடிக்கிறீங்க?"

"பயந்துகினேதான். காட்டிக் குடுத்தவனும் மொத பந்தியில இருந்தானேம்மா. ஆண்டவர் அவனுக்கும்தான் குடுத்தார். அத நெனச்சிக்குவேன்."

பிறகு நோட்டை என் பக்கம் திருப்பினார். கடைசி வரியில் சாலமோன் என்று இருந்தது. எதிரில், கடைசிப் பந்தி, கடைசி ஆள். "காலையில வந்தார். எல்லாத்தையும் சொல்லிட்டார். எல்லாருக்கும் கடைசியா வரேன்னு அவரே எழுத வெச்சார். நீ ஒருத்தர்கிட்டயும் சொல்லலியாமே, தங்கமான பொண்ணுன்னார்."

நான் எழுந்து போனதை அவர் சொல்லவில்லை. அங்கேயே அழுதுவிட்டேன். ஐயரம்மா உள்ளேயிருந்து வந்து பார்த்துவிட்டு, இவர் என்னவோ திட்டிவிட்டார் என்று அவரை ஒரு பார்வை பார்த்தார். "எனக்கும் கடைசிப் பந்தின்னு போடுங்கய்யா" என்றேன்.

மறுநாள் சாலமோன் அண்ணன் மகளுக்குக் கடைசி ஓலை வாசித்தார்கள். யாரும் ஆட்சேபிக்கவில்லை. பந்திகள் ஒவ்வொன்றாகப் போய், கடைசிப் பந்தியில் ஏழெட்டுப் பேர். சாலமோன் அண்ணன் வலக்கோடியில் முழங்கால் போட்டிருந்தார். நான் போய் அவருக்கு வலப்பக்கம், அவருக்கு அடுத்து முழங்கால் போட்டேன். பயம் போகவில்லை. பெரிய தியாகி என்ற நினைப்பும் கொஞ்சம் இருந்தது, மறைப்பானேன்.

அவர் என்னைப் பார்த்தார். கண்ணில் தண்ணீர் கட்டிவிட்டது. லேசாகத் தலையை ஆட்டினார். பிறகு மெதுவாக எழுந்து, எனக்குப் பின்னால் சுற்றிக்கொண்டு போய், எனக்கு வலப்பக்கம் முழங்கால் போட்டார். இரண்டு மாதத்துக்கு முன் நான் நடந்த அதே நாலடி. நான் என்னைக் காப்பாற்றிக்கொள்ள நடந்தேன், அவரும் என்னைக் காப்பாற்றத்தான் நடந்தார்.

பாத்திரம் என்னிடம் வந்தது. குடித்தேன். கிராம்பு நாக்கில் சுட்டது. பிறகு அவரிடம் போனது. அவர் இம்முறையும் நெற்றியைக் கொண்டுபோனார். ஐயர் விடவில்லை, மற்றவர்களுக்குச் சொன்ன அதே வார்த்தைகளை அதே குரலில் சொல்லி, பாத்திரத்தை அவர் உதட்டில் வைத்துச் சாய்த்தார். அவர் குடித்தார். ஒவ்வொருவர் குடித்ததும் ஐயர் விளிம்பை வெள்ளைத் துணியால் துடைப்பது வழக்கம். அன்று துணி அவர் முழங்கையிலேயே கிடந்தது. பீடத்தின் பக்கம் திரும்பி, மிச்சம் இருந்ததைக் குடித்தார். கொஞ்சம் தண்ணீர் விட்டு அலசி, அதையும் குடித்தார்.

ஞானஸ்நானம் எடுத்து, திடப்படுத்தல் எடுத்து, கேட்ட கேள்விக்கெல்லாம் விசுவாசிக்கிறேன் என்று சொன்னவள் நான். விசுவாசம் என்றால் என்ன என்று அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன். எழுந்திருக்கத் தோன்றாமல் கிராதியைப் பிடித்துக்கொண்டு அப்படியே இருந்தேன்.

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. ஆறாம் மாத ஸ்லைடை நானே பார்த்தேன். நீலம், வெறும் நீலம். மூன்று தடவை பார்த்தேன். அடுத்த முதல் ஞாயிறு அவருக்கு வலப்பக்கம் முழங்கால் போட்டேன், அவர் இடம் மாறவில்லை. முதலில் அவர், பிறகு நான். அன்று அவர் எடுத்த பாட்டில் ஆர்மோனியம் மறுபடி தோற்றது.

இப்போது ஐயர் என்று யாரும் சொல்வதில்லை, பாஸ்டர்தான். பேர் கொடுக்கும் நோட்டு இல்லை. வாட்ஸ்அப்பில் கட்டைவிரலைக் காட்டினால் போதும். ஐயர், ஐயரம்மா, சாலமோன் அண்ணன் மூவருமே கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறார்கள். வெள்ளிப் பாத்திரம் அலுவலக அறையில் கண்ணாடி அலமாரியில் பூட்டிக் கிடக்கிறது. கொரோனா நேரத்தில் தனித்தனிக் கிண்ணம் வேண்டும் என்று கமிட்டியில் முதலில் கை தூக்கியது யார் என்று நினைக்கிறீர்கள்? நான்தான். லேபில் வேலை பார்த்தவள் சொன்னதால் எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள். அன்றைக்கு அது சரிதான், இன்றைக்கும் தப்பென்று சொல்ல மாட்டேன்.

போன ஞாயிறு என் பக்கத்தில் யாரோ இருமினார்கள். என் கிண்ணம் என் கையில் இருந்தது, யாரென்று நான் திரும்பிப் பார்க்கவில்லை. ஆராதனை முடிந்ததும் வாசலில் வைத்திருந்த கூடையில் அதைப் போட்டேன். போட்டுவிட்டு எட்டிப் பார்த்தேன். கூடை நிறையக் காலிக் கிண்ணங்கள். கடைசியாக ஒருவர் திரும்பி நின்று குடிப்பதற்கு எதிலும் மிச்சமில்லை.