வாய்வு எங்கே நிற்கிறது?

தம்பி நம்மைப் பிரிந்து ஓராண்டு ஆகிறது. அவரை இருதய நோய் நிபுணராக அறிந்தவர்கள் பலர். பழைய மருந்துப் போத்தல்களைச் சேர்த்து வைத்தவராக அறிந்தவர்கள் வீட்டார் ஆறு பேர்தான். இந்த நினைவு மலரில் எனக்குத் தந்திருப்பது ஒரே பக்கம். இடம் போதுமோ என்ற கவலையுடன் எழுதுகிறேன்.

புளத்கொகுபிட்டியவுக்கு மேலுள்ள இறப்பர் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடொன்றில், நால்வரில் கடைசியாகப் பிறந்தவர் அவர். பால் வெட்டப் போன அப்பா ஒருநாள் காலை நெஞ்சைப் பிடித்தபடி மலையிலிருந்து இறங்கி வந்தார். "வாய்வுதான்" என்றார். இஞ்சிச் சாறு கொடுத்தோம். மத்தியானத்துக்குள் போய்விட்டார்.

"வாய்வு வந்தா செத்துப்போவாங்களாண்ணே?" என்று தம்பி கேட்டார். அப்போது அவர் ஏழாம் வகுப்பு.

அம்மாவும் அக்காவும் உழைத்து அவரைப் படிக்க வைத்தார்கள். வெளிநாட்டில் மேற்படிப்பை முடித்துத் தொண்ணூறுகளில் கண்டிக்குத் திரும்பினார். மாதத்தில் ஒரு ஞாயிறு தோட்டத்து டிஸ்பென்சரியில் நோயாளரைப் பார்த்தார். "நெஞ்சு வலிக்குதா?" என்று கேட்டால் எல்லோரும் "இல்லீங்க" என்பார்கள்.

"ஒருத்தருக்கும் நெஞ்சு வலியே இல்லையாம்ணே. எல்லாருக்கும் வாய்வாம்!" என்று அலுத்துக்கொள்வார்.

டிஸ்பென்சரியைப் புதுப்பித்தபோது, குப்பைக்குப் போகவிருந்த பதினொரு போத்தல்களை அவர் வீட்டுக்குக் கொண்டுவந்தார். பெரிய போத்தலில் 'வாய்வு மருந்து' என்று எழுதியிருந்தது. ஓய்வுபெற்ற மருந்து கலப்பவரிடம் விசாரித்தார்.

"வயிறு, நெஞ்சு, எது வலிச்சாலும் இதத்தாங்க ஊத்துவோம். அப்ப வேற என்ன இருந்துச்சு?" என்றார் அவர்.

அன்று தம்பி என்னிடம் சொன்னார்: "மருந்தோட பேரே நோய்க்குப் பேராயிருச்சுண்ணே. அப்பா தப்பாச் சொல்லல. அவருக்குத் தெரிஞ்ச சொல் அது ஒண்ணுதான்."

அதன்பின் தம்பி கேள்வியை மாற்றினார்: "வாய்வு எங்க நிக்குது? மேடு ஏறினா கூடுதா? கைக்கு எறங்குதா?" உடனே கைகள் நெஞ்சுக்குப் போயின. உரிய காலத்தில் பெரியாஸ்பத்திரிக்குப் போய்ப் பிழைத்தவர்கள், நான் எண்ணியவரையில், பதினேழு பேர். அதில் என் மனைவியும் ஒருவர்.

ஒரு பொங்கலன்று அவருக்கு வேர்த்துக் கொட்டியது. "வாய்வுதான் தம்பி. டாக்டருக்குப் படிச்சவங்களுக்கு எல்லாமே நோவாத்தான் தெரியும்" என்று அடுப்பை விட்டு நகர மறுத்தார்.

"சரிங்க அண்ணி, வாய்வாவே இருக்கட்டும். வேன்ல ஏறுங்க. வழியில ஏப்பம் வந்தா எறங்கிக்கலாம்."

ஏப்பம் வரவில்லை. மாரடைப்பு என்று ஆஸ்பத்திரியில் உறுதிசெய்தார்கள். இன்று ஆண்டு நினைவுக்கு வந்த உங்களுக்குப் பரிமாறிய சோறு அவர் கையால் ஆக்கியது.

இறுதி நாட்களில் தம்பியைப் பராமரித்த தாதியருக்கும், அந்தப் பொங்கலன்றும் பின்னரும் வேன் தந்துதவிய மாவனல்லை நண்பருக்கும், துயரில் துணைநின்ற அனைவருக்கும் எங்கள் நன்றி. விடுபட்டவர்கள் பொறுத்தருள வேண்டும்.

ஒன்றை மட்டும் சொல்லி முடிக்கிறேன். போன மாதம் பால் வெட்டும் ஒருவர், அப்பாவைப் போலவே, நெஞ்சைப் பிடித்தபடி மலையிலிருந்து இறங்கினார். இஞ்சி இடிக்க யாரும் ஓடவில்லை. லயத்துப் பெண்கள் சூழ்ந்துகொண்டு கேட்டார்களாம்: "வாய்வு எங்கண்ணே நிக்குது?"

அவர் இப்போது ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வீட்டில் இருக்கிறார்.