என் மேஜைக்கு வந்த சர்வர்

தொண்ணூறுகளின் கடைசி. பாண்டி பஜார் ஆபீஸில் நாங்கள் எல்லோரும், எதற்கும் இருக்கட்டும் என்று, வெளிநாட்டுப் பொது சர்வரிலிருந்து தினமும் எங்கள் புரோகிராமுக்கு வேண்டிய கோட் முழுவதையும் புதிதாக இறக்குவோம். ஒருநாள் அது எங்களை உள்ளே விடவில்லை. பொது என்றால் எல்லோருக்கும்தானே? எனக்குப் புரியவில்லை. கண்டபடி திட்டினேன்.

கூட வேலை பார்த்த ஸ்டெல்லா மெயிலில் கெஞ்சி, ஒரே ஒரு பிரதி எடுக்க அனுமதி வாங்கினாள். அதை என் கம்ப்யூட்டரில் வைத்தோம். மற்றவர்கள் அதிலிருந்து எடுக்கவேண்டும். மத்தியானத்துக்குள் என் கம்ப்யூட்டர் நகரவே மறுத்தது.

"யாருப்பா அது, திரும்பத் திரும்ப முழுசா இழுக்கறது? மாறினதை மட்டும் எடுத்தா போதாதா?" என்று கத்தினேன்.

ஸ்டெல்லா திரும்பினாள். "இதையேதான் அந்த சர்வர்க்காரரும் மெயில்ல எழுதியிருந்தார். நீ படிக்கலையா?"

கோபம் அப்படியே இருந்தது. யார் மேல் என்பதுதான் தெரியவில்லை.