முப்பத்தோராம் மாடியில் குப்புறப் படுத்தல்

காலையில் வேலை தொடங்கியதும் நான் முதலில் துடைத்துவந்தது இரத்தம். பயப்படாதீர்கள், பறவை இரத்தம்தான். ரொறன்ரோவின் நடுப்பகுதியில், நாங்கள் டவுன்ரவுண் என்று சொல்லும் இடத்தில், கோபுரங்களெல்லாம் கண்ணாடி. கண்ணாடியில் வானம் தெரியும், மேகம் தெரியும், எதிர்ப்பக்கத்து மரமும் தெரியும். ஏரிப்பக்கமிருந்து வருகிற குருவி அதை வழியென்று நம்பி முழுவேகத்தில் வந்து மோதும். மோதிய இடத்தில் ஒரு சிவப்புப் பொட்டும், அதைச் சுற்றிச் செட்டையின் அச்சும் அப்படியே இருக்கும். உள்ளே, ஒரு சாண் தூரத்தில், கழுத்துப்பட்டி கட்டிய ஒருவர் கோப்பி குடித்துக்கொண்டிருப்பார். இரத்தத்தையும் பார்க்கமாட்டார், அதைத் துடைக்கிற என்னையும் பார்க்கமாட்டார். வந்த புதிதில் நான் கண்ணாடியில் தட்டிக் கையைக் காட்டுவேன். "தட்டாதே சிவா, அவர்களுக்குப் பிடிக்காது" என்றான் கெவின். கெவின் என்னோடு ஒரே ஸ்ரேஜில் நின்று வேலை செய்தவன். ஸ்ரேஜ் என்பது கூரையிலிருந்து கம்பிக் கயிறுகளில் தொங்கும் நீளமான அலுமினியத் தட்டு. அதில் ஏறி இறங்கித்தான் இந்த ஊர்ப் பணக்காரக் கட்டடங்களுக்கு நாங்கள் முகம் கழுவிவிட்டோம்.

ஊரிலிருந்து வாசிக்கிறவர்களுக்கு இந்தக் கட்டடங்களை அறிமுகம் செய்துவைக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மூத்தது ஒரு கல் கோபுரம். ஒருகாலத்தில் பிரித்தானிய ராச்சியம் முழுவதிலும் இதைவிட உயரமானது இல்லையாம். உச்சியில் தாடி வைத்த பெரிய பெரிய கல் தலைகள் நகரத்தை முறைத்துக்கொண்டிருக்கின்றன. அந்த ராச்சியத்து ராசாக்கள்தான் எங்கள் திருக்கோணமலைத் துறைமுகத்தில் கோட்டையும் எண்ணெய்த் தாங்கிகளும் வைத்துக்கொண்டு முறைத்தவர்கள், ஆகவே அந்தத் தலைகளோடு எனக்குப் பழைய கணக்கு உண்டு. கல் கோபுரத்துக்கு அண்டையில் கறுப்பு இரும்புக் கோபுரங்கள் நிற்கின்றன. வெயில் காலத்தில் அதில் கை வைத்தால் தோல் கழன்றுவிடும். இன்னொன்று வெள்ளைக்காரி. முன்பு உடம்பு முழுக்க வெண்பளிங்கு போட்டிருந்தாளாம். ஒருநாள் ஒரு பளிங்குப் பலகை பிடுங்கிக்கொண்டு விழுந்த பிறகு எல்லாவற்றையும் கழற்றிக் கண்ணாடி மாட்டிவிட்டார்கள். அதற்கு அங்கால் பொன் நிறக் கோபுரம். அதன் கண்ணாடியில் உண்மையான தங்கம் பூசியிருக்கிறது. இதை என் மனைவி மாலினியிடம் சொன்னபோது, "வேலை முடிஞ்சு வரேக்கை கொஞ்சம் சுரண்டிக்கொண்டு வர ஏலாதோ?" என்று கேட்டாள். திருக்கோணமலைப் பாலையூற்றுக்காரியிடம் வேறு எதை எதிர்பார்க்க?

எங்களுக்கு உயரம் என்றால் கோணேசர் கோயில் நிற்கிற மலை, அதை விட்டால் சீனக்குடாவில் மா ஆலையின் கோபுரம். சாம்பல்தீவில் இருக்கிற என் தம்பி போன கிழமை நிலாவெளிக் கரையில் எழும்பும் ஐந்து மாடி ஹோட்டலைப் படமெடுத்து அனுப்பியிருந்தான். "அண்ணை, எங்கடை ஸ்கைஸ்கிரேப்பர்" என்று கீழே எழுத்து. சிரித்தேன். பிறகு அந்தப் படத்தில் மேல் மாடியின் விளிம்பில் பாதுகாப்புப் பட்டி எதுவுமில்லாமல் நின்ற மேசன்மாரைக் கண்டதும் படத்தை மூடிவிட்டேன். எங்கள் கடற்கரைகளில் நான் நிமிர்ந்து பார்த்துப் பயந்தது கட்டடங்களுக்கு அல்ல.

நடந்ததைச் சொல்கிறேன். இந்த நகரத்தில் கோடை முடிகிறபோது ஏரிக்கு மேலே போர் விமானங்களைப் பறக்கவிட்டு வேடிக்கை காட்டுவார்கள். சனம் மடக்குக் கதிரையும் பியரும் கொண்டுபோய்க் குந்தியிருந்து பார்க்கும். குழந்தைகளுக்குக் காதுமூடி போட்டுவிடுவார்கள். அட, காசு கொடுத்து இந்தச் சத்தத்தை வாங்குகிறார்களே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒவ்வொரு வருடமும் அந்த நாட்களில் நான் லீவு போட்டுவிட்டு மாலினியோடு வீட்டு நிலக்கீழறையில் இருந்து தொலைக்காட்சியைச் சத்தமாகப் போட்டுவிடுவேன். எங்கள் ஆட்களில் எத்தனையோ பேர் அப்படித்தான், யாரும் வெளியே சொல்வதில்லை. ஆனால் அந்த வருடம் ஒத்திகை முன்கூட்டியே நடந்தது. எனக்கு யாரும் சொல்லவில்லை. கெவினும் நானும் பொன் கோபுரத்தின் முப்பத்தோராம் மாடியில் தொங்கிக்கொண்டிருந்தோம்.

சத்தம் வரும் முன்னரே கண்ணாடியில் அதைக் கண்டேன். பொன் நிறத்துக்குள்ளே ஒரு கறுப்புப் புள்ளி எங்களை நோக்கிப் பெருத்துக்கொண்டு வந்தது. கட்டடத்துக்குள்ளிருந்தே வருவதுபோல இருந்தது. பிறகு வானம் கிழிந்தது. கண்ணாடி அதிர்ந்தது, ஸ்ரேஜ் அதிர்ந்தது, என் தாடை பூட்டிக்கொண்டது. தலைக்கு மேலால் போய்விட்டது. கெவின் ஒரு கூச்சல் போட்டான், சந்தோசக் கூச்சல். சட்டைப் பையிலிருந்து போனை எடுத்துக்கொண்டு, ஸ்ரேஜின் தடுப்புக் கம்பியில் வயிற்றை வைத்து வெளியே சரிந்து, "திரும்பி வருகிறது! சிவா, பார், திரும்பி வருகிறது!" என்று கத்தினான்.

திரும்பி வருகிறது. அந்தச் சொல் என்ன செய்யும் என்று அவனுக்குத் தெரியாது. எனக்குப் பதினேழு வயதில், வெருகல் பக்கத்துக் கரையில், எங்கள் செற், எங்கள் வலைக்காரக் கூட்டம், கரைவலை இழுத்துக்கொண்டிருந்தது. கயிற்றில் முன்னுக்கு நின்றவர் மூதூர் நசீர் காக்கா. பெரிய வாய்க்காரர். நான் களைத்து நின்றால் விடமாட்டார், "டேய் சாம்பல்தீவான், கயித்த இழுக்கிறியா, கயித்துல தொங்குறியா?" என்பார், கரை முழுக்கச் சிரிக்கும். அன்றைக்கு மீன் கரையை நெருங்கிய நேரம் கிபிர் வந்தது, அரசாங்கத்தின் குண்டுவீச்சு விமானம். தாழ்வாக வந்து தலைக்கு மேலால் போனது. ஆட்கள் கயிற்றைப் போட்டுவிட்டு ஓடினார்கள். நான் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தபடி நின்றேன். வெள்ளி மாதிரி மினுங்கியது, வடிவாகத்தான் இருந்தது. "மொதல் தரம் பாக்குறான், ரெண்டாந்தரம் போடுவான்! படுங்கடா!" என்று நசீர் காக்கா கத்தினார். நான் அசையவில்லை.

அவர் ஓடிவந்து என் பிடரியில் பிடித்து முகம் குப்புற அடித்தார். வலையின் கல்லில் முன்பல் பட்டு உடைந்தது. முழங்காலை முதுகில் குத்தி மேலே கிடந்தார். "வாயத் தெறந்து வை! காதப் பொத்து!" என்றார். வாயைத் திறந்தால் மணலும் இரத்தமும் உள்ளே போயின. நான் எனக்குத் தெரிந்த தூசணம் எல்லாவற்றாலும் அவருடைய தாயை ஏசினேன். நிலம் தூக்கிப் போட்டது. ஒன்று, பிறகு இன்னொன்று. சத்தம் அடங்கிய பிறகும் நான் ஏசிக்கொண்டுதான் கிடந்தேன், ஏனென்றால் அவர் இறங்கவில்லை. கழுத்தில் ஏதோ சூடாக ஓடியது. வியர்வை என்று நினைத்தேன். ஆட்கள் வந்து அவரைப் புரட்டியபோது முதுகு இருக்கவில்லை. இழுபடாத மீன் வலைக்குள் துடித்துக்கொண்டிருந்தது. என் உடம்பில் ஒரு கீறலும் இல்லை, அந்தப் பல்லைத் தவிர.

இப்போது விளங்குகிறதா நான் என்ன செய்தேன் என்று? விமானம் ஏரிக்கு மேலே வளைந்து திரும்பியது. கெவின் சரிந்து நின்றான். நான் அவனுடைய இடுப்புப் பட்டியில் பிடித்து இழுத்து, பிடரியில் அடித்து, ஸ்ரேஜின் தட்டில் குப்புறப் போட்டு மேலே விழுந்தேன். அவனுடைய மூக்கு இரும்பு விளிம்பில் மோதிய சத்தம் எனக்குக் கேட்டது. "வாயைத் திற! காதைப் பொத்து!" என்று தமிழில் கத்தினேன். அவன் திமிறினான், முழங்கையால் என் விலாவில் இடித்தான், என் கையைக் கடித்தான். என் தாயை ஏசினான், அதே மாதிரியான சொற்கள்தான், ஆங்கிலத்தில். ஸ்ரேஜ் ஊஞ்சலாகி ஆடிக் கட்டடத்தில் மோதியது. அவனுடைய போன் கையிலிருந்து கழன்று முப்பத்தொரு மாடியும் கீழே போனது. கண்ணாடிக்கு உள்ளே கோப்பி குடித்துக்கொண்டிருந்த மனிதர் முதல்தடவையாக எங்களைப் பார்த்தார். கோப்பையை வைத்துவிட்டு ஓடினார். விமானம் கடந்து போனது. குண்டு விழவில்லை. கெவினின் இரத்தம் அலுமினியத்தில் ஓடிப் பொன் கண்ணாடியிலும் தெறித்திருந்தது. அதைத் துடைக்க எனக்குக் கை வரவில்லை.

போன் கீழே கயிறு கட்டி மறித்த இடத்துக்குள் விழுந்ததால் யாருக்கும் காயமில்லை. ஆனால் என் பாடு அம்போ. கெவின் பொலிசுக்கு ஒரு சொல் சொன்னால் அடிதடி வழக்கு. நானும் மாலினியும் குடியுரிமைக்கு விண்ணப்பித்து முடிவுக்காகக் காத்திருந்த காலம் அது. வழக்கென்று வந்தால் அதற்கும் வேலைக்கும் சேர்த்து முழுக்குத்தான். அடுத்தநாள் காலை கம்பனி மனேஜரம்மா விசாரணைக்குக் கூப்பிட்டிருந்தார். போனில் பேசும்போது நல்ல மனத்தோடு ஒரு வழியும் சொன்னார்: இது போரினால் வந்த மனநோய் என்று நான் ஒத்துக்கொண்டால் வைத்தியம் பார்க்கலாம், வழக்கு வராமல் பார்க்கலாம்.

"சொல்லிப்போட்டு வாங்கோவன், விசரெண்டு," என்றாள் மாலினி. "விசருக்கு இந்த நாட்டிலை மரியாதை இருக்கு."

"எனக்கு விசரில்லை."

"எனக்குத் தெரியும் இல்லையெண்டு. அவைக்குத் தெரியவேணுமெண்டு என்ன கிடக்கு? இன்னொருக்கா என்னாலை ஊரை விட்டு ஓட ஏலாது, சொல்லிப்போட்டன்." அவள் சொன்னதில் பிழை இல்லை.

விசாரணை அறையில் கெவின் மூக்கில் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தான். இரண்டு கண்ணும் நீலம் பாய்ந்திருந்தது. அவன் நியூபவுண்ட்லாண்ட் என்ற தீவுக்காரன். அவனுடைய தகப்பனும் கடலில் மீன் பிடித்தவர், மீன் அற்றுப்போய்க் கரைக்கு வந்த குடும்பம். மனேஜரம்மா என்ன நடந்தது என்று கேட்டதும் அவன் என்னைப் பார்க்காமலே, "நான் வழுக்கி விழுந்தேன். சிவா பிடிக்கத்தான் வந்தான்" என்றான்.

அத்தோடு நான் கும்பிட்டுவிட்டு எழும்பியிருக்கலாம். மாலினி பக்கத்தில் இருந்திருந்தால் என் வாயைப் பொத்தியிருப்பாள். ஆனால் எனக்குக் கோபம் மண்டைக்கு ஏறியது. அவன் வழுக்கி விழுந்தவன் என்றால் நசீர் காக்காவும் வழுக்கி விழுந்தவர்தானே?

"அவன் பொய் சொல்கிறான்," என்றேன். "நான்தான் அடித்து விழுத்தினேன். மூக்கை உடைத்தது நான்."

கெவின் தலையில் கை வைத்தான். மனேஜரம்மா மெதுவாகக் கேட்டார். "பயத்திலா?"

"இல்லை. அவனைக் காப்பாற்ற."

"எதிலிருந்து?"

"விமானத்திலிருந்து."

"அது வெறும் காட்சி, சிவா."

"முதல்தரம் எங்களுக்கும் காட்சிதான்," என்றேன். என்னுடைய உடைந்த ஆங்கிலத்தில் வெருகல் கரையைச் சொன்னேன், கல்லைச் சொன்னேன், வாயை மூடியிருந்தால் குண்டின் அதிர்வில் செவிப்பறை கிழிந்துவிடும், அதனால் திறந்து வைக்கவேண்டும் என்றும் சொன்னேன். உதட்டைத் தூக்கி உடைந்த பல்லைக் காட்டினேன். அவர் கண் கலங்கினார், ஆனால் எனக்கு அது தேவையாக இருக்கவில்லை. "இனி ஒருதரம் நடந்தால் என்ன செய்வாய்?" என்று கேட்டார்.

"திரும்பி வந்தால், இதையேதான் செய்வேன்."

பொலிசுக்குப் போகமாட்டேன் என்று கெவின் அந்த அறையிலேயே சொல்லிவிட்டான். ஆனால் என்னை இனி உயரத்தில் ஏற்றமுடியாது என்று மனேஜரம்மா சொல்லிவிட்டார். இடுப்புப் பட்டியைக் கழற்றிக் கொடுத்தேன். வெளியே மின்தூக்கிக்காகக் காத்து நின்றபோது கெவின் சுவரைப் பார்த்துக்கொண்டு கேட்டான்: "அந்த மனிதர். உன் மேலே கிடந்தவர். நீ அவரை ஏசினாயா?"

"கடைசிவரை."

அவன் மூக்குக் கட்டைத் தொட்டுப் பார்த்தான். பிறகு, "நானும் நன்றாகத்தான் ஏசினேன்" என்றான். மின்தூக்கி வந்தது. வீட்டில் மாலினியிடம் நடந்ததைச் சொன்னேன். "அவன் தாற உயிரை வாங்கிக்கொண்டு வரத் தெரியாத மனுசன்!" என்று கரண்டியைக் குசினிச் சுவரில் எறிந்தாள். கன நாட்களாக என்னோடு கதைக்கவில்லை. குடியுரிமைக் கடிதம் வந்த அன்றுதான் வாய் திறந்தாள். அதுவும் சோற்றைப் போட்டுவிட்டு, "சாப்பிடுங்கோ, கனடாக்காரர்" என்று.

இப்போது என் வேலை நிலத்தில். ஸ்ரேஜுக்கு நேர்கீழே கயிறு கட்டி, செம்மஞ்சள் கூம்புகள் வைத்து, வழிப்போக்கர்கள் உள்ளே வராமல் பார்க்கவேண்டும். கையில் ஒரு வோக்கி, அதில் மேலே இருப்பவர்களோடு கதைக்கலாம். காலையில் கோபுரங்களின் காலடியில் செத்துக் கிடக்கும் குருவிகளைப் பொறுக்கிப் பையில் போடுவதும் நான்தான். சில உயிரோடிருக்கும். கையில் வைத்தால் நெஞ்சு அடிக்கிற அடி விரலுக்குத் தெரியும். அண்ணாந்து பார்த்தால் கல் தலைகளும் கறுப்பும் பொன்னும் ஒன்றின் மேல் ஒன்று சரிந்து விழ வருவதுபோல இருக்கும். கயிற்றை இழுக்கவும் இல்லை, கயிற்றில் தொங்கவும் இல்லை, இப்போது கயிற்றுக்குக் காவல் நிற்கிறேன் என்று நசீர் காக்காவுக்குச் சொல்லவேண்டும் போல இருக்கும்.

இந்த வருடமும் ஒத்திகை முன்கூட்டியே வந்தது. கெவின் ஒரு புது ஆளோடு அதே பொன் கோபுரத்தில் தொங்கிக்கொண்டிருந்தான். முதல் விமானம் கட்டடங்களுக்கு மேலால் இரைந்துகொண்டு போனது. கோபுரங்களிலிருந்து இறங்கிவந்த கந்தோர்ச் சனம் போனைத் தூக்கிக்கொண்டு நடைபாதையில் நின்று ஆரவாரித்தது. நான் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நான் காவல் நிற்கிறவன். மேலே பார்த்தேன். கம்பிக்கு மேலால் இரண்டு தலைகள் சிறிதாகத் தெரிந்தன. விமானம் ஏரிக்கு மேலே வளைந்தது.

திரும்பி வந்தது. மேலே ஒரு தலை மறைந்தது. ஒரு கை வந்து மற்றத் தலையையும் பிடித்து இழுத்தது. அதுவும் மறைந்தது. ஸ்ரேஜில் யாருமே இல்லை.

வோக்கி கரகரத்தது. "சிவா, நாங்கள் படுத்துவிட்டோம். நீ?"

நான் நின்றுகொண்டிருந்தேன். என்னைச் சுற்றி அத்தனை சப்பாத்துக்கள், அத்தனை போன்கள்.

"சிவா, படு!" என்று கெவின் கத்தினான்.

கூம்புகளுக்கு நடுவே குப்புறப் படுத்தேன். சீமெந்து வெயிலில் சுட்டது. யாரோ ஒரு பெண் "உங்களுக்குச் சுகமில்லையா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் மறுபடி மேலே பார்த்துக் கைதட்டினாள். நிலம் அதிர்ந்தது. காதைப் பொத்திய கைக்குள் வோக்கி இருந்தது.

"வாயைத் திறந்து வைத்திருக்கிறாயா?" என்றான் கெவின்.

"ஓம்," என்றேன், தமிழில்.

வாயைத் திறந்துதான் வைத்திருந்தேன். மணல் வரவில்லை.