தனியாக நின்ற நட்சத்திரத்தின் வயது

1. ஒரே பிறப்பு, இரண்டு வயது

இராமநாதபுரத்தில் ஒரு கல்லூரியின் இயற்பியல் துறையில் வேலை பார்த்து, போன வருடம்தான் ஓய்வு பெற்றேன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அதனால் சனிக்கிழமை டியூட்டி எது வந்தாலும் துறைத் தலைவர் என் பக்கம்தான் திரும்புவார். "மேடத்துக்கு என்ன, தனி ஆளு. வீட்டுல போயி என்ன செய்யப் போறாங்க?" என்பார். எத்தனை வருடம் கேட்டும் அந்தப் பேச்சு எனக்குப் பழகவே இல்லை.

என் அறையில் இன்னொரு மேசை தங்கச்சிமடம் சகாயராஜுடையது. தற்காலிக விரிவுரையாளர். பிஎச்.டி. முடித்தால்தான் வேலை நிரந்தரமாகும். அவருக்கு ஆய்வு கைடும் அதே தலைவர்தான்.

நட்சத்திரங்களின் வயதைக் கணிப்பது சகாயராஜின் ஆய்வு. எங்களிடம் பெரிய டெலஸ்கோப் ஏது? பொதுவில் கிடைக்கும் டேட்டாவை இறக்கிக் கணினியில் வேலை செய்வோம். நட்சத்திரம் இளமையில் வேகமாகச் சுழலும். வயது ஏற ஏற மெதுவாகும். சுழற்சியை வைத்து வயதைச் சொல்லலாம். கணக்கைச் சரிபார்க்க, ஒன்றாகப் பிறந்த ஜோடி நட்சத்திரங்களை எடுத்திருந்தார். ஜோடிக்கு ஒரே வயது வரவேண்டும்.

ஒரு ஜோடிக்கு மட்டும் வரவில்லை. ஒன்று கிழம், மற்றது இளவட்டம். இளம் நட்சத்திரம்தான் எக்ஸ்-ரேயை அதிகம் வீசும்; அந்த டேட்டாவிலும் இளவட்டம் ஒரே துள்ளல்.

தலைவர் சகாயராஜுக்குப் பாடம் நடத்தியவர், உரிமையோடு பேசுவார். "ஏலே சகாயம், அந்த ஜோடியத் தூக்கிரு. எக்ஸாமினருக்கு நாமளே குத்தம் எடுத்துக் குடுக்கணுமா?"

"தூக்கிட்டா மத்த ஜோடிக மேல எனக்கே நம்பிக்கை வராது சார்."

"ஒனக்கு வேலை வேணுமா, நம்பிக்கை வேணுமா?"

சகாயராஜ் கணினிப் பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது.

2. கயிறு

புரோகிராமில் தப்பு இருக்குமோ என்று இரண்டு பேரும் வரிவரியாகப் பார்த்தோம். இல்லை. ஒருநாள் மதியச் சாப்பாட்டின்போது சகாயராஜ் கையை அப்படியே நிறுத்தினார்.

"மேடம், இதுகளுக்குக் கோள் இருக்கான்னு நாம பாக்கவே இல்லையே?"

எங்கள் தொழிலில் இது நடக்கும். நட்சத்திரம் பார்ப்பவர்கள் ஒரு கூட்டம், கோள் பார்ப்பவர்கள் வேறு கூட்டம். கை கழுவிவிட்டுத் தேடினோம். இளவட்டத்துக்கு வியாழன் அளவில் ஒரு கோள் இருந்தது. நட்சத்திரத்தை ஒட்டியே, சில நாளில் ஒரு சுற்று முடித்துவிடுகிறது. கிழத்துக்கு அப்படி எதுவும் தெரியவில்லை.

"எங்க அய்யா பெரிய போட்டுல வத்தையக் கயித்துல கட்டியிருப்பாரு மேடம். அந்தச் சின்ன வத்தைய எஞ்சின ஓட்டிச் சுத்துனா, பெரிய போட்டும் கூடவே திரும்பிரும்."

இங்கே கயிறு, ஈர்ப்பு. நிலா நம் கடலை இழுத்து ஏற்றவில்லையா? அதைப்போல அந்தக் கோள் நட்சத்திரத்தையே புடைக்க வைத்து இழுக்கிறது. கோள் அதைவிட வேகமாகச் சுற்றுவதால் நட்சத்திரத்தின் சுழற்சி கூடுகிறது. தன் ஓட்டத்தை இப்படிக் கொடுத்துக் கொடுத்துக் கோள் மெல்ல உள்ளே இறங்கும். பார்ப்பவர்களுக்கோ நட்சத்திரம் இளமையாகத் தெரியும்.

தலைவர் முணுமுணுத்தார். சகாயராஜ் அந்த ஜோடியைத் தனி அத்தியாயமாகவே எழுதிவிட்டார்.

3. வைவா

வெளியூரிலிருந்து வந்த எக்ஸாமினர் நேராக அந்த அத்தியாயத்துக்குத்தான் போனார். "ஒரே ஜோடிக்கு ரெண்டு வேற வேற வயசு சொல்றீங்க. எதை நம்புறது?"

தலைவர் நாற்காலியில் நெளிந்தார்.

"கோள் இல்லாம ஒன்னு தனியா இருக்குல்ல சார், அதைத்தான் நம்பணும். அதுதான் யாரும் பிடிச்சு இழுக்காம, தன் வயசுக்குத் தக்கன சுத்துது."

எக்ஸாமினர் சிரித்துக்கொண்டே தலையாட்டினார். பட்டம் கிடைத்தது, பிறகு வேலையும் நிரந்தரமானது. கணக்குக்கு ஒத்துவராததை வெட்டுவதற்கு முன்னால், அதன் அருகில் என்ன சுற்றுகிறது என்று பாருங்கள். இந்தத் துறைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்ல முடிந்தது இவ்வளவுதான்.

அன்று வைவாவில் சகாயராஜ் நட்சத்திரத்தைத்தான் சொன்னார். ஆனாலும் பின்வரிசையில் இருந்த எனக்குக் கண் கலங்கிவிட்டது.

வைவா முடிந்ததும் வெளியே டீ கொடுத்துக்கொண்டிருந்தார்கள். தலைவர் வந்தார். "மேடம், வார சனிக்கிழம டியூட்டி ஒன்னு இருக்கு..."

"முடியாது சார். எனக்கு வேலை இருக்கு."

என்ன வேலை என்று அவர் கேட்கவில்லை. அந்தச் சனிக்கிழமை தேவிபட்டினம் போய், கடலைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன்.